கேள்வி–பதில்: இது ஆப்ஜெக்டின் வேலையா, கிளாஸின் வேலையா?

நிரல் எழுதுவது பற்றி வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில், கிளாஸ் மெத்தட், இன்ஸ்டன்ஸ் மெத்தட் என்று சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்தவற்றை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டேன். புதியவர்களுக்கு ஒரு வரி: கிளாஸ் என்பது அச்சு, அதிலிருந்து வார்த்தெடுப்பது ஆப்ஜெக்ட் (இன்ஸ்டன்ஸ் என்பதும் அதுவே), மெத்தட் என்பது கிளாஸுக்குள் எழுதிய ஃபங்ஷன். பைத்தான், ஜாவா இரண்டைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். பதில்களும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

கேள்வி: சார், "இன்ஸ்டன்ஸ் மெத்தடை ஆப்ஜெக்ட் வழியாகக் கூப்பிட வேண்டும், கிளாஸ் மெத்தடை கிளாஸ் பெயர் வழியாகக் கூப்பிட வேண்டும்" என்று மனப்பாடம் செய்து தேர்விலும் எழுதிவிட்டேன். ஆனால் நானே ஒரு கிளாஸ் எழுத உட்கார்ந்தால் எதை எந்த வகையில் வைப்பது என்று புரிவதே இல்லை. — இரண்டாம் ஆண்டு மாணவி

பதில்: நீங்கள் மனப்பாடம் செய்தது எப்படிக் கூப்பிடுவது என்பதை மட்டும்தான் சொல்கிறது. எழுத உட்காரும்போது கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு: இந்த வேலையைச் செய்ய ஏதாவது ஒரு குறிப்பிட்ட ஆப்ஜெக்டுக்குள் இருக்கும் தகவல் வேண்டுமா, வேண்டாமா?

வெப்பநிலை என்று ஒரு கிளாஸ் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஆப்ஜெக்டும் தனக்குள் ஓர் எண்ணை, செல்சியஸ் கணக்கில், வைத்திருக்கிறது. இப்போது "ஃபாரன்ஹீட்டில் சொல்" என்று ஒரு மெத்தட் வேண்டும். எந்த வெப்பநிலையை? 37 டிகிரியையா, 100 டிகிரியையா? ஆப்ஜெக்ட் கையில் இல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது, ஆகவே இது இன்ஸ்டன்ஸ் மெத்தட், இதில் யோசிக்க எதுவும் இல்லை. 37 வைத்திருக்கும் ஆப்ஜெக்டைக் கேட்டால் 98.6 என்று சொல்லும், 100 வைத்திருப்பதைக் கேட்டால் 212 என்று சொல்லும், மெத்தட் ஒன்றேதான்.

அடுத்தது, உங்கள் கையில் ஃபாரன்ஹீட் எண் ஒன்று இருக்கிறது, அதிலிருந்து ஒரு வெப்பநிலை ஆப்ஜெக்டை உருவாக்க வேண்டும். இதை எந்த ஆப்ஜெக்டிடம் போய்க் கேட்பீர்கள்? இன்னும் எதுவுமே பிறக்கவில்லையே. இதைக் கிளாஸிடம்தான் கேட்க முடியும். இதுதான் கிளாஸ் மெத்தட் பிறக்கும் முதல் இடம், என்னைக் கேட்டால் மிக நல்ல இடமும் இதுதான். ஆப்ஜெக்ட் பிறக்கும்போது தானாக ஓடும் கன்ஸ்ட்ரக்டரிலேயே செய்துவிடலாமே என்று தோன்றும். ஜாவாவில் ஒரே பெயரில் பல கன்ஸ்ட்ரக்டர்கள் வைக்கலாம்தான், ஆனால் அவை வாங்கும் மதிப்புகளின் வகையோ எண்ணிக்கையோ வேறாக இருக்க வேண்டும். செல்சியஸும் ஒரு தசம எண், ஃபாரன்ஹீட்டும் ஒரு தசம எண், இரண்டுக்கும் தனித்தனிக் கன்ஸ்ட்ரக்டர் வைத்தால் கம்பைலர் ஒத்துக்கொள்ளாது. பைத்தானில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, கன்ஸ்ட்ரக்டரின் வேலையைச் செய்யும் இனிட் ஒரு கிளாஸுக்கு ஒன்றே ஒன்றுதான். அதனால் "ஃபாரன்ஹீட்டிலிருந்து" என்று பெயர் வைத்து ஒரு கிளாஸ் மெத்தட் எழுதிவிட்டால், கூப்பிடும் இடத்தில் படிப்பவருக்கும் எந்த அளவில் எண் கொடுக்கிறோம் என்பது அங்கேயே தெரிந்துவிடும். மொழியோடு வரும் கிளாஸ்களிலும் இதே வழக்கத்தைப் பார்க்கலாம். பைத்தானின் டேட் கிளாஸில் இருக்கும் டுடே, டிக்ட்டில் இருக்கும் ஃப்ரம்கீஸ், இன்ட்டில் இருக்கும் ஃப்ரம்பைட்ஸ் மூன்றும் இந்த ரகம். ஜாவா 8-இல் வந்த லோக்கல்டேட் இன்னும் ஒரு படி மேலே போய், கன்ஸ்ட்ரக்டரையே வெளியே காட்டாமல் 'ஆஃப்', 'நவ்' என்ற ஸ்டாட்டிக் மெத்தடுகள் (ஆப்ஜெக்ட் இல்லாமலே கூப்பிடக்கூடியவை) வழியாகத்தான் ஆப்ஜெக்டைக் கொடுக்கிறது.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. கொடுத்த எண் −273.15-க்குக் கீழே போகிறதா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அதற்குக் கீழே வெப்பநிலை என்பதே இல்லை. இந்தச் சோதனைக்கு எந்த ஆப்ஜெக்டும் வேண்டாம், சொல்லப்போனால் கிளாஸும் வேண்டாம், எண் மட்டும் போதும். பைத்தானில் இதை ஸ்டாட்டிக் மெத்தடாகக் கிளாஸுக்குள் வைக்கலாம், வெளியே சாதாரண ஃபங்ஷனாகவும் விடலாம். நான் பெரும்பாலும் வெளியேதான் விடுவேன்.

முடிவு வராமல் தடுமாறினால் இன்ஸ்டன்ஸ் மெத்தடாக எழுதிவிட்டு மேலே போங்கள். பிறகு அதைக் கிளாஸ் மெத்தடாக மாற்றுவது பொதுவாகச் சின்ன வேலை. தலைகீழாக மாற்றுவதுதான் தலைவலி, கூப்பிட்ட இடங்களில் எல்லாம் "இப்போது ஆப்ஜெக்டுக்கு எங்கே போவேன்" என்று தேட வேண்டி வரும்.

கேள்வி: "ஸ்டாட்டிக் மெத்தட், கிளாஸ் மெத்தட் இரண்டும் ஒன்றுதான்" என்று எழுதினேன், மதிப்பெண் போய்விட்டது. ஜாவா புத்தகத்தில் இரண்டும் ஒன்று என்றுதானே போட்டிருக்கிறது? — மதிப்பெண் இழந்தவர்

பதில்: எந்த மொழித் தேர்வு என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. ஜாவா தேர்வு என்றால் நீங்கள் எழுதியதில் குறை சொல்ல முடியாது, ஜாவாக்காரர்கள் ஸ்டாட்டிக் மெத்தடைத்தான் கிளாஸ் மெத்தட் என்றும் சொல்கிறார்கள். பைத்தான் தேர்வு என்றால் மதிப்பெண் குறைத்ததில் நியாயம் இருக்கிறது.

வித்தியாசம் இதுதான். பைத்தானில் இன்ஸ்டன்ஸ் மெத்தடைக் கூப்பிட்டால் அந்த ஆப்ஜெக்ட் தானாகவே முதல் மதிப்பாகப் போய்ச் சேருகிறது, அதைத்தான் செல்ஃப் என்று எழுதி வாங்கிக்கொள்கிறோம். கிளாஸ் மெத்தடைக் கூப்பிட்டால் ஆப்ஜெக்டுக்குப் பதிலாகக் கிளாஸே முதல் மதிப்பாகப் போகிறது, அதற்கு சிஎல்எஸ் என்று பெயர் வைப்பது வழக்கம். ஸ்டாட்டிக் மெத்தடுக்கு எதுவுமே தானாகப் போவதில்லை, நீங்கள் கொடுத்தது மட்டும்தான். கிளாஸ் மெத்தட், ஸ்டாட்டிக் மெத்தட் இரண்டும் பைத்தான் 2.2-இல், 2001-இல், வந்தவை. தலைக்கு மேல் அட் குறி போட்டு எழுதும் இப்போதைய வசதி 2004-இல் 2.4 பதிப்போடு வந்தது, அதுவரை மெத்தடை எழுதி முடித்துவிட்டுக் கீழே இன்னொரு வரியில் "இதைக் கிளாஸ் மெத்தடாக மாற்று" என்று தனியாக எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கிளாஸ் தானாகப் போனால் என்ன, போகாவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். சப்கிளாஸ், அதாவது இன்னொரு கிளாஸில் (தாய்க் கிளாஸில்) இருப்பதையெல்லாம் வாங்கிக்கொண்டு அதன் மேல் எழுதும் கிளாஸ், ஒன்று வரும் வரைக்கும் எதுவும் தெரியாது. மேலே சொன்ன வெப்பநிலை கிளாஸிலிருந்து உடல்வெப்பநிலை என்று ஒரு சப்கிளாஸ் எழுதுகிறீர்கள், அதில் 'காய்ச்சலா' என்று கூடுதலாக ஒரு மெத்தட் வைக்கிறீர்கள். இப்போது உடல்வெப்பநிலையின் பெயரைச் சொல்லி "ஃபாரன்ஹீட்டிலிருந்து" என்பதைக் கூப்பிடுகிறீர்கள், அந்த மெத்தடோ தாய்க் கிளாஸில் எழுதியது. அது கிளாஸ் மெத்தடாக இருந்தால், சிஎல்எஸ் என்ற இடத்தில் உடல்வெப்பநிலை வந்து நிற்கும், கிடைக்கும் ஆப்ஜெக்டும் உடல்வெப்பநிலையாகவே இருக்கும். அதையே ஸ்டாட்டிக்காக எழுதி உள்ளே வெப்பநிலை என்ற பெயரை நேராகப் போட்டிருந்தால், எந்தச் சப்கிளாஸ் கூப்பிட்டாலும் வெறும் வெப்பநிலை ஆப்ஜெக்ட்தான் கிடைக்கும், அதனிடம் 'காய்ச்சலா' என்று கேட்டால் அப்படி ஒரு மெத்தடே என்னிடம் இல்லை என்று எரர் விழும். எரர் விழும் இடம் ஓரிடம், தப்பு இருக்கும் இடம் வேறிடம். இந்த மாதிரித் தப்பைத் தேடுவதில் ஒரு மாலை முழுக்கப் போய்விடும்.

ஜாவா, சி பிளஸ் பிளஸ், சி ஷார்ப் மூன்றிலும் ஸ்டாட்டிக் மெத்தடுக்கு எந்தக் கிளாஸ் வழியாகக் கூப்பிட்டார்கள் என்ற தகவல் போய்ச் சேராது. அதனால் பைத்தானின் கிளாஸ் மெத்தடுக்கு அங்கே நேரடி ஜோடி கிடையாது. ஜாவாஸ்கிரிப்டில் எழுதும் சொல் என்னவோ ஸ்டாட்டிக்தான், ஆனால் உள்ளே திஸ் என்றால் கூப்பிட்ட கிளாஸ், சப்கிளாஸ் வழியாகக் கூப்பிட்டால் சப்கிளாஸ். பெயர் ஜாவாவுடையது, குணம் பைத்தானின் கிளாஸ் மெத்தடுடையது. ஸ்விஃப்டில் இரண்டுமே உண்டு: கிளாஸ் என்று போட்டால் சப்கிளாஸ் அதை ஓவர்ரைடு செய்யலாம் (அதே மெத்தடைத் தன் வழியில் மாற்றி எழுதலாம்), ஸ்டாட்டிக் என்று போட்டால் முடியாது. கோட்லினில் ஸ்டாட்டிக் என்ற சொல்லையே எடுத்துவிட்டு, கம்பேனியன் ஆப்ஜெக்ட் என்று கிளாஸுக்குத் துணையாக ஒரு தனி ஆப்ஜெக்டையே வைத்துவிட்டார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது ஸ்மால்டாக்கின் வழி. அங்கே கிளாஸும் ஓர் ஆப்ஜெக்ட். ஆப்ஜெக்ட் என்றால் அதற்கும் ஒரு கிளாஸ் வேண்டுமே, ஸ்மால்டாக்-80-இல் அதை மெட்டாகிளாஸ் என்றார்கள். அப்படிப் பார்த்தால் கிளாஸ் மெத்தட் என்பது மெட்டாகிளாஸில் எழுதிய சாதாரண இன்ஸ்டன்ஸ் மெத்தட்தான், தனி ரகமே கிடையாது. புதிய ஆப்ஜெக்ட் வேண்டும் என்றால் கிளாஸுக்கு 'நியூ' என்று ஒரு செய்தி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான், அதற்கென்று மொழியில் தனி இலக்கணம் இல்லை. ரூபியும் ஏறக்குறைய இதே பாதையில் போகிறது. ஆப்ஜெக்டிவ்-சியில் எழுதும்போதே கண்ணுக்குத் தெரியும்: இன்ஸ்டன்ஸ் மெத்தடுக்கு முன்னால் கழித்தல் குறி, கிளாஸ் மெத்தடுக்கு முன்னால் கூட்டல் குறி. இடம் ஒதுக்கும் அலாக் கூட்டல் குறிக்காரர், அதற்குப் பிறகு வரும் இனிட் கழித்தல் குறிக்காரர், ஏனென்றால் அதற்குள் ஆப்ஜெக்ட் கைக்கு வந்துவிடுகிறது.

கேள்வி: ஜாவாவில் மெயினிலிருந்து என் மெத்தடைக் கூப்பிட்டால் "நான்-ஸ்டாட்டிக் மெத்தடை ஸ்டாட்டிக் இடத்திலிருந்து குறிப்பிட முடியாது" என்று எரர் வருகிறது. மெத்தடுக்கும் ஸ்டாட்டிக் போட்டால் சரியாகிவிடுகிறது. இப்படியே செய்து போகலாமா? — ஜாவா தொடங்கியவர்

பதில்: போகலாம், ஆனால் எங்கே போய் நிற்பீர்கள் என்றால், மெத்தடுக்கு ஸ்டாட்டிக் போட்டதும் அது தொடும் வேரியபிள் "நானும் நான்-ஸ்டாட்டிக்" என்று அழும், அதற்கும் போடுவீர்கள், அடுத்தது, அதற்கடுத்தது. கடைசியில் கிளாஸ் முழுவதும் ஸ்டாட்டிக், ஆப்ஜெக்ட் ஒன்றுகூட இல்லை. சி மொழியில் எழுத வேண்டியதை ஜாவாவில் எழுதியிருப்பீர்கள்.

எரர் சொல்வது நேரான விஷயம். நிரல் தொடங்கும் நொடியில் உங்கள் கிளாஸின் ஆப்ஜெக்ட் எதுவும் உருவாகியிருக்காது, ஆனால் எங்கேயாவது தொடங்கியாக வேண்டும், அதற்காகத்தான் மெயின் ஸ்டாட்டிக்காக இருக்கிறது. மெயினுக்குள் திஸ், அதாவது பைத்தானின் செல்ஃப் போல ஆப்ஜெக்டைக் காட்டும் சொல், என்று எதுவும் இல்லை. நீங்கள் ஓர் இன்ஸ்டன்ஸ் மெத்தடை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், கம்பைலர் "யாருடைய மெத்தட்?" என்று திருப்பிக் கேட்கிறது. பதில் சொல்லுங்கள், போதும்: மெயினுக்குள் நியூ போட்டு ஓர் ஆப்ஜெக்டை உருவாக்கி, அதன் வழியாகக் கூப்பிடுங்கள். எரர் போய்விடும், நிரலும் ஒழுங்காக இருக்கும்.

பைத்தானில் இதே தவறு வேறு முகத்தோடு வரும். கிளாஸ் பெயரைச் சொல்லி இன்ஸ்டன்ஸ் மெத்தடைக் கூப்பிட்டால் "செல்ஃப் என்ற மதிப்பு ஒன்று குறைகிறது" என்று டைப்எரர் விழும். அங்கேயும் கேள்வி அதேதான், யாருடைய மெத்தட்.

இன்னொன்று. 2025 செப்டம்பரில் வந்த ஜாவா 25-இல் மெயின் ஸ்டாட்டிக்காக இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது. மெயினை இன்ஸ்டன்ஸ் மெத்தடாகவே எழுதலாம், ஜாவாவே அந்தக் கிளாஸுக்கு ஓர் ஆப்ஜெக்டை உருவாக்கி அதில் மெயினைக் கூப்பிடும். புதிதாகக் கற்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி. பாடத்திட்டம் அந்தப் பதிப்பைத் தொடும்வரை நீங்கள் நியூ போட்டே ஆக வேண்டும்.

கேள்வி: ஓர் கிளாஸிலிருந்து ஆயிரம் ஆப்ஜெக்ட் உருவாக்கினால் மெமரியில் மெத்தடும் ஆயிரம் முறை இருக்குமா? அப்படியானால் ஸ்டாட்டிக் போட்டால் மெமரி மிச்சம்தானே? — மெமரி கவலையாளர்

பதில்: இருக்காது. மெத்தடின் நிரல் கிளாஸுக்கு ஒன்றுதான், ஆயிரம் முறை இருப்பது ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்குள்ளும் இருக்கும் தகவல். ஒரே நிரல் ஓடுகிறது, ஒவ்வொரு முறையும் திஸ் அல்லது செல்ஃப் என்று வேறொரு ஆப்ஜெக்டைக் காட்டுகிறோம். அதனால் மெமரிக்காக ஸ்டாட்டிக் போடுவதில் பொருள் இல்லை. ஜாவாஸ்கிரிப்டில் மட்டும் ஒரு பொறி உண்டு: கன்ஸ்ட்ரக்டருக்குள்ளேயே திஸ்ஸில் ஒரு ஃபங்ஷனை எழுதி ஒட்டினால், அங்கே உண்மையாகவே ஆப்ஜெக்டுக்கு ஒன்றாக ஆயிரம் ஃபங்ஷன் பிறக்கும். கிளாஸ் உடலில் மெத்தடாக எழுதினால் எல்லா ஆப்ஜெக்டுக்கும் பொதுவான புரோட்டோடைப்பில் ஒன்றோடு நின்றுவிடும்.

கேள்வி: ஸ்டாட்டிக் மெத்தட் வேகமாக ஓடுமாமே?

பதில்: உங்கள் நிரல் மெதுவாக ஓடுவதற்குக் காரணம் நிச்சயமாக இது இல்லை.

கேள்வி: ஜாவாவில் ஸ்டாட்டிக் மெத்தடை ஆப்ஜெக்ட் வழியாகக் கூப்பிட்டாலும் ஓடுகிறது. எடிட்டர் மட்டும் மஞ்சள் கோடு போடுகிறது. ஓடுகிறதே, அப்புறம் என்ன தப்பு? கூடவே, ஸ்டாட்டிக் மெத்தடை ஓவர்ரைடு செய்ய முடியுமா என்று இன்டர்வியூவில் கேட்டார்கள், "முடியும், நான் செய்து பார்த்திருக்கிறேன்" என்று சொன்னேன், வேலை கிடைக்கவில்லை. — வேலை தேடுபவர்

பதில்: இரண்டு கேள்விக்கும் வேர் ஒன்றுதான், நல்ல வேளை சேர்த்தே கேட்டீர்கள்.

த்ரெட் என்பது நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலைத்தொடர். ஜாவாவின் த்ரெட் கிளாஸில் ஸ்லீப் என்று ஒரு மெத்தட் இருக்கிறது. ஸ்டாட்டிக். நீங்கள் வேலைக்காரன் என்று ஒரு த்ரெட் ஆப்ஜெக்டை உருவாக்கி ஓடவிட்டு, "வேலைக்காரன், ஒரு நொடி தூங்கு" என்கிற தோரணையில் அந்த ஆப்ஜெக்ட் வழியாக ஸ்லீப்பைக் கூப்பிடுகிறீர்கள். தூங்கப்போவது வேலைக்காரன் இல்லை, அந்த வரியை ஓட்டிக்கொண்டிருக்கும் த்ரெட், அதாவது நீங்களே. ஸ்டாட்டிக் மெத்தடுக்கு ஆப்ஜெக்ட் போய்ச் சேராது, கம்பைலர் அந்த வேரியபிளின் வகையை மட்டும் பார்த்துவிட்டு "சரி, த்ரெட் கிளாஸின் ஸ்லீப்" என்று எடுத்துக்கொள்கிறது. இன்னும் வேடிக்கை, அந்த வேரியபிளில் நல் (ஆப்ஜெக்டே இல்லை என்ற மதிப்பு) இருந்தாலும் ஓடும், நல்பாயின்டர் எரர்கூட வராது. படிப்பவருக்கு ஒன்று தெரிகிறது, நடப்பது வேறொன்று, அதற்குத்தான் மஞ்சள் கோடு. சி ஷார்ப்பில் இதற்கு இடமே கொடுக்கவில்லை, நேராகக் கம்பைல் எரர். அதுதான் சரியான முடிவு என்று நினைக்கிறேன்.

இப்போது ஓவர்ரைடு. தாய்க் கிளாஸில் ஒரு ஸ்டாட்டிக் மெத்தட், சப்கிளாஸிலும் அதே பெயரில் அதே மாதிரி ஸ்டாட்டிக் மெத்தட். கம்பைல் ஆகும், இதைத்தான் நீங்கள் செய்து பார்த்திருப்பீர்கள். ஆனால் வேரியபிளைத் தாய்க் கிளாஸ் வகையாக அறிவித்து உள்ளே சப்கிளாஸ் ஆப்ஜெக்டை வைத்துக் கூப்பிட்டுப் பாருங்கள், ஓடுவது தாய்க் கிளாஸுடையது. இன்ஸ்டன்ஸ் மெத்தடாக இருந்தால் சப்கிளாஸுடையது ஓடியிருக்கும். ஜாவாவில் இதற்கு மறைத்தல் என்று பெயர், ஓவர்ரைடு இல்லை. சப்கிளாஸ் மெத்தடின் தலையில் ஓவர்ரைடு என்று அட் குறியோடு எழுதிப் பாருங்கள், கம்பைலரே மறுத்துவிடும், அடுத்த இன்டர்வியூவில் இதையே சாட்சியாகச் சொல்லலாம்.

பைத்தானில் இதே கேள்வியைக் கேட்டால் பதில் மாறும். அங்கே மெத்தடைத் தேடுவது ஓடும் நேரத்தில், ஆப்ஜெக்டின் உண்மையான கிளாஸிலிருந்து தொடங்கி மேலே போவதால், ஸ்டாட்டிக் மெத்தடுக்கும் சப்கிளாஸில் எழுதியதே கிடைக்கும். எந்த மொழி என்று கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

கேள்வி: பைத்தானில் எத்தனை ஆப்ஜெக்ட் உருவாகியிருக்கிறது என்று எண்ண, கிளாஸில் எண்ணிக்கை என்று ஒரு வேரியபிளை 0 என்று வைத்து, இனிட்டுக்குள் செல்ஃப் வழியாக அதில் 1 கூட்டுகிறேன். ஐந்து ஆப்ஜெக்ட் உருவாக்கிய பிறகும் கிளாஸில் 0-தான் இருக்கிறது. பைத்தானில் பிழையா? — பொறுமை இழந்தவர்

பதில்: பைத்தான் மேல் பழி போடாதீர்கள். செல்ஃப் வழியாக எண்ணிக்கையைப் படிக்கும்போது ஆப்ஜெக்டில் அப்படி ஒன்று இல்லை, அதனால் கிளாஸில் தேடி 0 என்று எடுக்கிறது. ஒன்று கூட்டி 1 ஆக்குகிறது. எழுதும்போது மட்டும் கிளாஸுக்குப் போகாது, செல்ஃப் என்று சொன்னதால் ஆப்ஜெக்டிலேயே எண்ணிக்கை என்று புதிதாக ஒன்றை உருவாக்கி அங்கே 1 என்று வைக்கிறது. ஐந்து ஆப்ஜெக்டிலும் தனித்தனி 1, கிளாஸில் அதே 0. படிப்பது ஓரிடம், எழுதுவது வேறிடம்.

கிளாஸ் மெத்தடாக எழுதி சிஎல்எஸ் வழியாகக் கூட்டுங்கள் என்று பலரும் சொல்வார்கள். ஓடும். ஆனால் பாதி மருந்துதான். சப்கிளாஸ் வழியாக வந்தால் சிஎல்எஸ் என்பது சப்கிளாஸ், அப்போது கூட்டிய எண் சப்கிளாஸில் புதிதாகப் பிறக்கும், தாய்க் கிளாஸின் எண்ணிக்கை நகராது. ஒவ்வொரு சப்கிளாஸுக்கும் தனிக் கணக்கு வேண்டும் என்றால்கூட இதை நம்ப முடியாது, ஏனென்றால் தாய்க் கிளாஸில் அதுவரை சேர்ந்திருந்த எண்ணிலிருந்துதான் அது தொடங்கும். தனிக் கணக்கு வேண்டும் என்றால் ஒவ்வொரு சப்கிளாஸிலும் 0 என்று எழுதித் தொடங்கிவிடுங்கள். மொத்தக் கணக்கு வேண்டும் என்றால் கிளாஸின் பெயரை நேராக எழுதி அதில் கூட்டுங்கள். பெயரை நேராக எழுதாதே என்று மேலே சொன்னது ஆப்ஜெக்ட் உருவாக்கும் இடத்துக்கு, இங்கே அதற்கு எதிர்மாறாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

எண்ணுக்குப் பதில் கிளாஸில் ஒரு லிஸ்ட் வைத்திருந்தால் கதை இன்னும் மோசம். செல்ஃப் வழியாக அப்பெண்ட் செய்தால் அது எழுதுவது ஆகாது, இருக்கிற லிஸ்டை மாற்றுவது, ஆகவே எல்லா ஆப்ஜெக்டும் ஒரே லிஸ்டில் போட்டு நிரப்பும். ஒரு பயனரின் தகவல் இன்னொரு பயனருக்குத் தெரிகிறது என்று புகார் வந்தால் முதலில் இந்த மாதிரி லிஸ்ட் எங்காவது கிளாஸ் மட்டத்தில் கிடக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ஜாவாவில் ஸ்டாட்டிக் எண்ணிக்கை ஒன்றைப் பல த்ரெட்கள் கூட்டுகின்றன. மெத்தடுக்கு சிங்க்ரனைஸ்டு போட்டும் கணக்கு குறைகிறது. ஏன்?

பதில்: அந்த மெத்தட் இன்ஸ்டன்ஸ் மெத்தடா? அப்படித்தான் இருக்கும். சிங்க்ரனைஸ்டு என்பது ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு. இன்ஸ்டன்ஸ் மெத்தடுக்கு சிங்க்ரனைஸ்டு போட்டால் பூட்டு விழுவது அந்த ஆப்ஜெக்டில். ஆப்ஜெக்ட் பத்து இருந்தால் பூட்டும் பத்து, எண்ணிக்கையோ ஒன்று, பத்துப் பேரும் ஆளுக்கொரு சாவியோடு உள்ளே வந்துவிடுகிறார்கள். மெத்தடை ஸ்டாட்டிக் ஆக்கினால் பூட்டு கிளாஸில் விழும், அது ஒன்றுதான். வெறும் எண்ணிக்கைக்கு என்றால் பூட்டே வேண்டாம், பல த்ரெட்கள் கூட்டினாலும் கணக்குத் தப்பாத அட்டாமிக்இன்டிஜர் போதும்.

கேள்வி: அலுவலகத்தில் நாற்பது ஸ்டாட்டிக் மெத்தடுகளோடு 'யூட்டில்ஸ்' என்று ஒரு கிளாஸ் வைத்திருக்கிறோம். புதிதாக வந்த லீட் அதைப் பிரிக்கச் சொல்கிறார், டெஸ்ட் எழுத முடியவில்லை என்கிறார். ஓடிக்கொண்டிருப்பதை எதற்குக் கலைக்க வேண்டும்? — மூன்றாண்டு அனுபவம் உள்ளவர்

பதில்: லீட் சொல்வதில் பாதிக்கு நான் கைதூக்குவேன். நாற்பதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். கொடுத்த மதிப்பை வைத்துக் கணக்குப் போட்டுப் பதில் தருபவை, அதாவது இரண்டு எண்ணில் பெரியது எது, ஓர் எழுத்துத்தொடரில் இடைவெளிகளை நீக்கு என்கிற ரகம், அவை ஸ்டாட்டிக்காக இருப்பதில் ஒரு கெடுதலும் இல்லை. ஜாவாவின் மேத் கிளாஸ் பெரும்பாலும் இந்த ரகம்தான், அதிலிருந்து ஆப்ஜெக்டே உருவாக்க முடியாது. எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் ஒரே பதில், டெஸ்ட் எழுதுவதும் சுலபம். (பைத்தானில் இதற்குக் கிளாஸே வேண்டாம், மேத் அங்கே வெறும் மாட்யூல். ஜாவாவில் எல்லா மெத்தடும் ஏதாவது ஒரு கிளாஸுக்குள் இருக்க வேண்டும் என்ற விதியால்தான் இந்த மாதிரி வெற்றுக் கிளாஸ்கள் பிறந்தன.)

மற்ற பாதி வேறு கதை. டேட்டாபேஸைத் தொடுபவை, மின்னஞ்சல் அனுப்புபவை, கடிகாரத்தைப் பார்ப்பவை, ஒரு ஸ்டாட்டிக் வேரியபிளில் எதையாவது நினைவில் வைத்திருப்பவை. ஓர் ஆர்டர் கிளாஸ் உள்ளே இருந்து யூட்டில்ஸின் மின்னஞ்சல் மெத்தடை நேராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், டெஸ்ட் ஓடும்போதும் மின்னஞ்சல் போகும். அதுவே மின்னஞ்சல் அனுப்புவது ஓர் ஆப்ஜெக்டாக இருந்து, அதைக் கன்ஸ்ட்ரக்டரில் வாங்கிக்கொண்டால், டெஸ்டில் போலி ஆப்ஜெக்ட் ஒன்றைக் கொடுத்து "அனுப்பச் சொன்னார்களா" என்று மட்டும் பார்த்துவிடலாம். ஸ்டாட்டிக்கையும் போலியாக்க வழி உண்டு, ஜாவாவில் போலி ஆப்ஜெக்டுகளைச் செய்து தரும் மாக்கிட்டோவில் 3.4 பதிப்பிலிருந்து அந்த வசதி வந்துவிட்டது. ஆனால் அதைப் பழைய நிரலுக்கு டெஸ்ட் எழுதும்போது பயன்படுத்துங்கள், புதிதாக எழுதுவதை அதை நம்பி எழுதாதீர்கள்.

ஒரே நாளில் நாற்பதையும் கலைக்கச் சொன்னால் மட்டும் மறுத்துவிடுங்கள். அடுத்த முறை எந்த மெத்தடில் கைவைக்கிறீர்களோ அதை மட்டும் எடுங்கள்.

கேள்வி: பைத்தானில் எழுதும்போது என் எடிட்டர் "இந்த மெத்தட் ஸ்டாட்டிக்காக இருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. கேட்க வேண்டுமா?

பதில்: மெத்தடுக்குள் செல்ஃப் எங்கேயும் வரவில்லை என்பதை மட்டும்தான் எடிட்டர் பார்க்கிறது. அது உங்களைக் கேட்க வைக்க வேண்டிய கேள்வி: இந்த மெத்தட் இந்தக் கிளாஸில் ஏன் இருக்கிறது? பல நேரம் பதில் "இங்கே இருக்க வேண்டியதே இல்லை" என்று வரும், அப்போது வெளியே ஃபங்ஷனாக எடுத்துவிடுங்கள். ஆனால் தாய்க் கிளாஸில் "கட்டணம் எவ்வளவு" என்ற மெத்தட் வெறுமனே 0 என்று திருப்பித் தருகிறது, சப்கிளாஸ்கள் ஒவ்வொன்றும் தன் தகவலைப் பார்த்துக் கணக்குப் போடப்போகின்றன என்றால், அது இன்ஸ்டன்ஸ் மெத்தட்தான், எடிட்டருக்குச் சப்கிளாஸ் பற்றிய உங்கள் திட்டம் தெரியாது. அந்த எச்சரிக்கையை அணைத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

கேள்வி: இன்ஸ்டன்ஸ் மெத்தடுக்குள்ளிருந்து கிளாஸ் மெத்தடைக் கூப்பிடலாமா? தலைகீழாகவும் முடியுமா?

பதில்: முதலாவது எப்போதும் முடியும், ஆப்ஜெக்டுக்குத் தன் கிளாஸ் எது என்று தெரியும். பைத்தானில் செல்ஃப் வழியாகவே கூப்பிடலாம், கிளாஸைத் தானே கண்டுபிடித்து சிஎல்எஸ்ஸில் வைத்துவிடும். ஜாவாஸ்கிரிப்டிலோ ஆப்ஜெக்ட் வழியாகக் கூப்பிட்டால் "அப்படி ஒரு ஃபங்ஷன் இல்லை" என்று விழும், கிளாஸ் பெயரைச் சொல்லியோ திஸ்ஸின் கன்ஸ்ட்ரக்டர் வழியாகவோ போக வேண்டும். தலைகீழாக என்றால், கிளாஸுக்கு எந்த ஆப்ஜெக்ட் என்று தெரியாது, ஆகவே ஒன்றை உருவாக்கியோ வெளியிலிருந்து வாங்கியோ அதில் கூப்பிட வேண்டும்.

கேள்வி: பிஎச்பியில் 'செல்ஃப்' போட்டு எழுதிய ஸ்டாட்டிக் மெத்தட் சப்கிளாஸிலும் தாய்க் கிளாஸ் ஆப்ஜெக்டையே தருகிறது.

பதில்: அங்கே செல்ஃப் என்றால் மெத்தட் எழுதப்பட்ட கிளாஸ், பைத்தானின் செல்ஃப் இல்லை. கூப்பிட்ட கிளாஸ் வேண்டும் என்றால் 'நியூ செல்ஃப்' என்பதை 'நியூ ஸ்டாட்டிக்' என்று மாற்றுங்கள். 2009-இல் வந்த பிஎச்பி 5.3-லிருந்து இது வேலை செய்யும்.